கீரைக்கட்டுக்குக் கீழே ஒரு அட்டை

“பிள்ளை, நீ கண்ணால கண்டனியோ?”

பதினாறு வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் கமலாம்பிகையிடம் கேட்ட கேள்வி அது. அப்போது கமலாம்பிகை கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பெரிய கடையில் கள்ளரைப் பிடிக்கும் வேலை செய்தாள். சாமான் வாங்க வந்தவள்போலக் கூடையோடு நடந்து திரிய வேண்டும், அதற்குச் சம்பளம். அந்தப் பெண்ணின் கைப்பைக்குள் காசு கொடுக்காத முகக்கிறீம் ஒன்று இருந்தது. அது எப்படி உள்ளே போனது என்பதைக் கமலாம்பிகை காணவில்லை. ஆனால் பக்கத்தில் மனேச்சர் நின்றான். “ஓம், கண்டனான்” என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு நாளுக்குப் பிறகுதான் கமெராவைப் பார்த்தார்கள். தள்ளுவண்டிலில் இருந்த மூன்று வயதுக் குழந்தை எடுத்துப் போட்டிருந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விட்டது. மன்னிப்புக் கேட்க விலாசம் தேடிப் போனபோது அவர்கள் வீடு மாறிவிட்டிருந்தார்கள்.

கமலாம்பிகை அந்த வேலையை விட்டாள். மார்க்கம் வீதியில் ஒரு பேக்கரிக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். தனக்கு ஒரேயொரு சட்டம் வைத்துக்கொண்டாள். உறுதியாகத் தெரியாத பெயரை எழுதுவதில்லை.

இந்தச் சனிக்கிழமை அவள் எழுத வேண்டிய பெயர் துர்க்கா.

“எனக்கெண்டால் எல்லாம் முடிஞ்ச மாதிரித்தான் கிடக்குது,” என்றான் பஸ்ரியன், காரைக் கடை வாசலில் நிறுத்தியபடி. விமானநிலையத்தில் இருபது வருடம் டாக்சி ஓடிவிட்டு இப்போது அவளுக்கு உதவியாளனாக இருப்பவன். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சம்பளம் தருகிறவள் யாராயிருந்தாலும் அக்காதான் என்பது அவன் கட்சி.

“என்ன முடிஞ்சது? சொல்லும் பாப்பம்.”

“மகேஸ்வரன் அண்ணை ரூஜ் பக்கத்தில வீடு வாங்கி இருக்கிறார். அவற்ர பேஸ்மென்டில துர்க்கா வாடகைக்கு இருக்கிறாள். இந்தக் கடையில காஷியராயும் நிக்கிறாள். அண்ணையின்ர மனுசி ராஜேஸ்வரி அக்கா ஒவ்வொரு வெள்ளியும் இஞ்சைதான் சாமான் வாங்குறவ. கிரெடிட் காட்டை எடுத்துத் துர்க்காவின்ர கையிலயே குடுக்கிறது. ஆறு வெள்ளியா, ஒவ்வொரு பில்லிலயும் இருநூறு டொலருக்கு ஒரு ரீலோட் காட், அதுதான் காசு ஏத்துற காட், ஏறியிருக்குது. அக்கா தனக்கு ஒண்டும் தெரியாது எண்டுறா. துர்க்கா வாய் திறக்கிறாளில்லை. வேற என்ன வேணும், அவளே தபாலில எழுதி அனுப்பவோ?”

“அண்ணை திங்கட்கிழமை பொலிசுக்குப் போறாராம்.”

“போனால் அவளின்ர கதை முடிஞ்சுது. அகதிக் கேஸ் அடுத்த மாசம் விசாரணைக்கு வருதாம்.” பஸ்ரியன் கார்ச் சாவியை உருவினான். “பொலிஸ் பதிவோட போய் நிண்டால் நீதவான் தேத்தண்ணி ஊத்திக் குடுக்கமாட்டார்.”

கமலாம்பிகை காரை விட்டு இறங்கினாள்.

கடை முதலாளி சீமோன் அவர்களைக் கண்டதும் அளவுக்கு அதிகமாகச் சிரித்தார். ரீலோட் காட் தொங்கும் தட்டு காசுமேசைக்குப் பக்கத்தில் இருந்தது. வெண்கட்டியால் மேலே எழுதியிருந்தது: காசு அல்லது டெபிட் மட்டும்.

“அண்ணை, கிரெடிட்டில விக்கக்கூடாதெண்டு எழுதி வச்சிருக்கிறியள். ஆறு தரம் வித்திருக்குது. நீங்கள் ஒருநாளும் காணேல்லையோ?”

“கடையில ஆயிரம் சோலி தங்கச்சி.” சீமோன் கழுத்தைச் சொறிந்தார். “இண்டைக்கு உந்தப் பெட்டையை வேலையால நிப்பாட்டிப்போட்டன். அவள் தானா அடிச்சிருக்கிறாள்.”

“கொமிசன் தானா வந்ததோ?” என்றான் பஸ்ரியன்.

சீமோன் சட்டெனக் கறிவேப்பிலைப் பெட்டியை நேராக வைக்கப் போனார்.

கமலாம்பிகை ஒரு காட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தடித்த அட்டை. பின்பக்கத்தில் சாம்பல் நிறப் பட்டை. “இது எப்பிடி வேலை செய்யும்?”

“மெசினில அடிச்சாத்தான் இதுக்கு உயிர் வரும். பேந்து பட்டையைச் சுரண்டினால் நம்பர் இருக்கும். நம்பரைப் போனில சொன்னாலும் காணும், உலகத்தில எங்கை இருக்கிற ஆளும் தன்ர காட்டில காசை ஏத்தலாம்.” சீமோன் குரலைத் தாழ்த்தினார். “ஆனால் சில்லறைக் குத்திக்காசால சுரண்டவேணும். நகத்தால சுரண்டினால் நம்பரும் சேர்ந்து போயிடும். எத்தினை பேர் திருப்பிக் கொண்டுவந்து என்னோட சண்டை பிடிக்கிறவை.”

காசுமேசையில் ஒரு முதியவர் பை நிறையச் சாமானோடு நின்றார். காஷியர் பிள்ளையிடம் கடனட்டையை நீட்டினார். “ரண்டு, ஏழு, ஒண்டு, ஆறு. போடு பிள்ளை, எனக்கு உந்தப் பொத்தான் தெரியாது.”

“அங்கிள், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ,” என்றான் பஸ்ரியன். “மீன் வெட்டுற இடத்தில நிக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதியவரும் சிரித்தார். அடுத்ததாக நின்ற பெண்ணும் அட்டையைக் கொடுத்துத் தன் இரகசிய எண்ணைச் சொன்னாள். இங்கே எல்லோரும் அப்படித்தான். பிள்ளை நம்மட பிள்ளை, எண்ணைச் சொன்னால் என்ன. துர்க்காவைக் குற்றவாளியாக்க இந்த ஒரு பழக்கமே போதும் என்று கமலாம்பிகை நினைத்தாள். அட்டையும் கையில், எண்ணும் காதில்.

அவள் பார்வை பெல்ட்டில் ஊர்ந்து வரும் சாமான்களில் நின்றது. மரவள்ளிக்கிழங்கு, அப்பளம், மீன்பை. காஷியர் பிள்ளை வருகிற ஒழுங்கிலேயே எடுத்து அடித்தாள். பில்லும் அதே ஒழுங்கில் இறங்கியது.

கமலாம்பிகை மகேஸ்வரன் கொடுத்திருந்த ஆறு பில் பிரதிகளையும் எடுத்து அரிசி மூட்டையின் மேல் பரப்பினாள்.

“பஸ்ரியன், நீர் காஷியர். களவெடுக்கப் போறீர். ரீலோட் காட்டை எப்ப அடிப்பீர்?”

“கடைசியாத்தான். ஆள் சாமானைப் பையில போடுறநேரம், குனிஞ்சிருக்கேக்கை.”

“இதைப் பாரும். கத்தரிக்காய், பொன்னாங்காணிக் கீரை, ரீலோட் காட், உருளைக்கிழங்கு. அடுத்தது. வெங்காயம், வல்லாரை, ரீலோட் காட், பால். அடுத்தது. முளைக்கீரை, ரீலோட் காட்.”

பஸ்ரியன் ஆறையும் பார்த்தான். ஆறிலும் அட்டை நடுவில் இருந்தது. ஆறிலும் அதற்கு முந்திய வரி ஏதோ ஒரு கீரை.

“கீரை திண்டால் ரீலோட் காட் முளைக்குமோ?”

“கீரைக்குக் கீழ இருந்தது. பெல்ட்டில வரேக்கையே. காஷியர் கட்டைத் தூக்கினவுடன அட்டை தெரியும், அதை அடுத்ததா அடிப்பாள். பின்னால நிக்கிற ஆக்களுக்குத் தெரியாமல் ஆரோ ஒளிச்சு வச்சிருக்கினம்.” அவள் பில்களை மடித்தாள். “காஷியர் கள்ளியெண்டால் பெல்ட்டில ஏன் ஒளிக்கிறாள்? அவள்தானே அங்கால பக்கம் நிக்கிறாள்.”

பஸ்ரியன் பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “பெல்ட்டில சாமான் வைக்கிறது வாங்குற ஆள்.”

“ஓம்.”

“அப்ப ராஜேஸ்வரி அக்கா?”

“பேர் சொல்லாதையும். எனக்கு இன்னும் நிச்சயமாத் தெரியாது.”

மகேஸ்வரனின் வீடு புதுக் குடியிருப்பின் மூலையில் இருந்தது. பக்கத்து வீடும் எதிர்வீடும் அதே முகத்தோடு நின்றன. பங்குனி மாதம், நடைபாதை ஓரத்தில் கறுத்த பனி இன்னும் கரையவில்லை. மகேஸ்வரன் தானே கதவைத் திறந்தார். விட்பியில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர். பேசும்போது விரலால் காற்றில் கோடு போடுகிறவர்.

“அறிக்கை ரெடியோ?”

“கடைசியா ஒருக்கால் பாத்திட்டுப் போறன் அண்ணை. அதுக்கு முதல், உங்களிட்டை ஒரு டொலர் குத்திக்காசு இருக்கோ? பேந்து கடைக்குப் போகவேணும், தள்ளுவண்டில் எடுக்க.”

“இந்த வீட்டில குத்தியும் இல்லை, தாளும் இல்லை.” அவர் குரலில் பெருமை இருந்தது. “நான் ஆருக்கும் கையில காசு குடுக்கிறதில்லை. மனுசிக்கும் என்ர கணக்கில ஒரு கிரெடிட் காட் எடுத்துக் குடுத்திருக்கிறன். எங்கை என்ன வாங்கினாலும் என்ர போனில விழும்.”

“கடையின்ர பேர் மட்டும்தானே விழும் அண்ணை? என்ன சாமான் எண்டு விழாதே?”

“அதாலதான் துர்க்கா இவ்வளவு நாளும் தப்பினவள். மரக்கறிக்கு ஏன் இவ்வளவு எண்டு எனக்குச் சந்தேகம் வந்துதான் சீமோனிட்டைப் போய்ப் பில்லை வாங்கினனான். பொறுங்கோ, எல்லா மாசத்துக் கணக்கும் மேல கிடக்குது, எடுத்துக்கொண்டு வாறன்.”

அவர் மாடிப்படி ஏறினார். பஸ்ரியன் அவர் பின்னால் போய், பழைய கணக்கு முழுவதையும் பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லிக்கொண்டே ஏறினான். எப்படியும் அவரைப் பத்து நிமிடம் மேலே பிடித்து வைப்பான்.

கமலாம்பிகை கீழ்நோக்கிய படிகளில் இறங்கினாள்.

பேஸ்மென்டில் ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, ஒரு சின்ன யன்னல். துர்க்கா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். இருபத்துநாலு வயது. வேலைக்குப் போடும் பச்சை மேற்சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

“துர்க்கா, அந்தக் காட்டுகளை அடிச்சது நீங்களோ?”

“ஓம் அக்கா. நான்தான் அடிச்சனான்.”

“கிரெடிட்டில விக்கக்கூடாதெண்டு தெரியுமோ?”

“தெரியும்.”

“ஆருக்கு அடிச்சனீங்கள்?”

துர்க்கா மேற்சட்டையின் மடிப்பை விரலால் அழுத்தினாள். “அதைக் கேக்காதையுங்கோ. நான் ஒரு ஆளுக்குச் சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்.”

“திங்கட்கிழமை பொலிஸ் வரும். அந்த ஆள் வராது.”

“வருவினம்.” துர்க்கா நிமிர்ந்தாள். “எனக்குக் காய்ச்சல் வந்து கிடக்கேக்கை பத்து நாளும் கஞ்சி காய்ச்சித் தந்தவை அவை. மகேஸ்வரன் அங்கிள் கண்டபடி என்னைச் சந்தேகப்பட்டிட்டார், அதுதான் உடன சொல்லப் பயந்துபோய் நிக்கினம். திங்கட்கிழமைக்கு முதல் சொல்லுவினம்.”

அவள் சொன்னதில் கலக்கமே இல்லை. அதைக் கேட்கக் கமலாம்பிகைக்குத்தான் கூச்சமாக இருந்தது. நேற்றைக்கு மத்தியானமே அவள் அறிக்கையின் மேல்வரியில் ‘து’ என்ற முதலெழுத்தை எழுதி, பிறகு வெட்டியிருந்தாள்.

சமையலறையில் ராஜேஸ்வரி மிளகாய்த்தூள் போத்தல்களைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைத்தவற்றையே மறுபடியும் துடைத்தாள். அறுபதை நெருங்கும் வயது, மெலிந்த கை. மூலையில் சாமித்தட்டு. முருகன் படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்காசு ஒன்று இருந்தது.

கமலாம்பிகை திருநீறு எடுப்பதுபோலப் போய் நின்றாள். மஞ்சள் முடிச்சு பல தடவை அவிழ்த்துக் கட்டியதுபோலச் சுருங்கிக் கிடந்தது. துணியின் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. திருநீறு இல்லை. விரலால் தொட்டாள். ரப்பர்த்தூள்போல உருண்டது.

“அக்கா, இது ஆருக்கு வச்ச நேர்த்தி?”

ராஜேஸ்வரியின் கை நின்றது. “மகளுக்கு.”

“மகளோ? அண்ணை தங்களுக்குப் பிள்ளையள் இல்லை எண்டெல்லோ சொன்னவர்.”

“அவர் அப்பிடித்தான் சொல்லுவார்.” அவள் மாடிப்படியைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். “ரோகிணி. விரும்பின பெடியனைக் கட்டிக்கொண்டு ஒஷாவாவில இருக்கிறாள். மூண்டு வருசமாச்சுது. அவள் திரும்பி வந்தால் முருகனுக்குப் பால்குடம் எடுக்கிறன் எண்டு முடிஞ்சு வச்சது.”

“இந்த வீட்டில இருக்கிற ஒரே குத்திக்காசு இதுதான், என்ன?”

ராஜேஸ்வரி அவளைப் பார்த்தாள். கமலாம்பிகை சாம்பல் படிந்த விரல் நுனியைக் காட்டினாள்.

ராஜேஸ்வரி துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

“ஒவ்வொரு முறையும் சாமியிட்டை மன்னிப்புக் கேட்டுத்தான் அவிழ்க்கிறனான்,” என்றாள் ராஜேஸ்வரி. “கைப்பிள்ளை வச்சிருக்கிறாள். பெடியனுக்கு வேலை போட்டுது. வங்கியால அனுப்பினால் இவருக்குத் தெரியும். கையில காசு இல்லை. உந்தக் காட்டெண்டால் மரக்கறியோட மரக்கறியாப் போயிடும். நம்பரைப் போனில வாசிச்சுச் சொல்லுவன். துர்க்காதான் கிரெடிட்டில அடிச்சுத் தந்தவள். முதல்ல மாட்டன் எண்டவள். நான் கெஞ்சினனான்.”

“அவளை இண்டைக்கு வேலையால நிப்பாட்டியிருக்கினம்.”

“தெரியும்.”

“திங்கட்கிழமை அவளைப் பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும். அதோட அவளின்ர அகதிக் கேசும் முடிஞ்சுது.”

“தெரியும் பிள்ளை.” ராஜேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். “உதை எழுதாமல் விடேலாதோ? ஆரெண்டு தெரியேல்லை எண்டு எழுதிவிடுங்கோவன்.”

“அப்பிடி எழுதினால் அண்ணை துர்க்காவைத்தான் பிடிச்சுக் குடுப்பார். நான் சொல்லுறதுக்கு முதல் நீங்களே சொல்லுங்கோ அக்கா. அவர் இறங்கி வந்தாப் பிறகு அஞ்சு நிமிசம் தாறன். அதுக்குப் பிறகு நான் சொல்லுவன்.”

மகேஸ்வரன் ஒரு கணக்குக் கோவையோடு இறங்கி வந்தார். பின்னால் பஸ்ரியன், கணக்குப் பார்த்துக் களைத்த முகத்தோடு.

“அண்ணை போன வருசம் தேங்காய் விலை எவ்வளவு எண்டும் வச்சிருக்கிறார்,” என்றான்.

எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ராஜேஸ்வரி கேத்திலை அடுப்பில் வைத்தாள். பஸ்ரியனிடம் சீனி போடுவாரோ என்று கேட்டாள். கமலாம்பிகையிடம் கேட்டாள். மறுபடியும் பஸ்ரியனிடம் கேட்டாள்.

“ஓம் அக்கா, ரண்டு கரண்டி. முதல் கேக்கேக்கையும் ரண்டுதான்.”

கமலாம்பிகை சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு. ராஜேஸ்வரி கோப்பைகளைக் கழுவினாள், துடைத்தாள். மூன்று. நான்கு. பேஸ்மென்ட் கதவு மெல்லத் திறந்தது. துர்க்கா மேல்படியில் வந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் ராஜேஸ்வரியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி, என்ன எழுதினனீங்கள்?” என்றார் மகேஸ்வரன், விரலால் ஒரு கோடு போட்டு. “துர்க்காதானே?”

ஐந்து நிமிடம் முடிந்தது. கமலாம்பிகை வாயைத் திறக்குமுன் கேத்தில் அடுப்பிலிருந்து இறங்கிய சத்தம் கேட்டது.

“நான்தான் வாங்கினனான்,” என்றாள் ராஜேஸ்வரி.

“என்ன?”

“ஆறையும் நான்தான். ரோகிணிக்கு. துர்க்கா ஒரு சதம் எடுக்கேல்லை.”

மகேஸ்வரன் எழுந்தார், மறுபடியும் இருந்தார். ரோகிணி என்ற பெயரை அந்த வீட்டில் மூன்று வருடமாக யாரும் சத்தமாகச் சொன்னதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கோவையைத் திறந்தார், மூடினார். விரல் காற்றில் எந்தக் கோடும் போடவில்லை.

படியில் நின்ற துர்க்காவின் தோள்கள் தளர்ந்தன. கண் கலங்கியிருந்தாள். ஆனால் சிரிக்கப் போகிறவள்போல இருந்தாள். நான் சொன்னேனே, வருவினம் என்று, என்பதுபோலக் கமலாம்பிகையைப் பார்த்தாள்.

“திங்கள் வேலைக்கு வரச் சொல்லி சீமோன் அண்ணையிட்டை நான் கதைக்கிறன்,” என்றாள் கமலாம்பிகை அவளிடம். பேனாவை எடுத்தாள். வழக்கு முடிந்துவிட்டது. பெயர் சரி. அறிக்கையை ஒழுங்காக முடிக்கும் பழக்கத்தில், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“ஒண்டுதான் மிச்சம் அண்ணை. துர்க்காவின்ர பேர் எப்பிடி இதுக்குள்ள வந்தது? நீங்களாச் சந்தேகப்பட்டனீங்களோ?”

“நானோ?” மகேஸ்வரன் எங்கேயோ இருந்து பேசுகிறவர்போலச் சொன்னார். “நான் சீமோனைத்தான் நினைச்சனான். கடைக்காரன் பில்லைக் கூட்டிப் போட்டிட்டான் எண்டு. இவதான் சொன்னவ. துர்க்காவின்ர கையிலதான் காட்டைக் குடுக்கிறனான், இரகசிய நம்பரும் அவளுக்குத் தெரியும், அவளாத்தான் இருக்கும், பொலிசிட்டைக் குடுங்கோ எண்டு.”

பஸ்ரியன் தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

கமலாம்பிகையின் பேனா தாளில் நின்றது. அறிக்கைக்கு அந்தப் பதில் தேவைப்படவேயில்லை. படியில் துர்க்கா நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் கேட்டாள்.

“பிள்ளை,” என்றாள் ராஜேஸ்வரி. “துர்க்கா. அவர் அண்டைக்குக் கத்தின கத்தலில எனக்கு வேற ஒண்டும் வாயில வரேல்லை. பேந்து மாத்திச் சொல்லத் தெரியேல்லை. இஞ்சை பார், இந்த ஆறு நாளும் நான் நித்திரை கொள்ளேல்லை. பிள்ளை, என்னைப் பார்.”

துர்க்கா பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். சிரிக்கப் போன முகம் எப்போது மாறியது என்று கமலாம்பிகைக்குத் தெரியவில்லை.

பிறகு அவள் படியை விட்டு வாசல் பக்கம் வந்தாள். குனிந்து சப்பாத்தைப் போட்டாள். இடதுகால் கயிற்றைக் கட்டினாள், வலதுகால் கயிற்றைக் கட்டினாள். கொளுக்கியில் தொங்கிய குளிர்ச்சட்டையை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினாள். ராஜேஸ்வரி அவள் கையைப் பிடிக்க வந்தாள். துர்க்கா கையை இழுக்கவில்லை. அந்தப் பிடி தானாகக் கழன்று விழும்வரை பேசாமல் நின்றாள்.

கதவைத் திறந்தாள். குளிர்காற்று மேசையில் இருந்த தாள்களைத் தூக்கியது. கமலாம்பிகை அவற்றைப் பிடிக்கவில்லை. யன்னலுக்கு வெளியே துர்க்கா கறுத்த பனியைத் தாண்டி, பஸ் தரிப்பிடத்துப் பக்கமாக, ஒரு தடவையும் திரும்பாமல் நடந்து போனாள்.